மெதுவான காதல் பாடல் நடனப் பாடலாவது எப்படி?

பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய மெதுவான காதல் பாடல் ஒன்று நடன ரீமிக்ஸாக வெளிவரும்போது, அதை முதன்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: ‘பாட்டை வேகமாக ஓட்டிவிட்டார்கள்.’ காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் மூலப் பாடலையும் ரீமிக்ஸையும் கணினித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பாடகி ஒரு வரியைத் தொடங்கி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து பார்த்தால், சில ரீமிக்ஸ்களில் அந்த நேரம் மூலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குரல் முன்பைவிட மெதுவாகப் போகிறது. கேட்பவருக்கோ பாடல் பறப்பதாகத் தோன்றுகிறது.

இந்த முரண் எப்படி உண்டாகிறது என்பதைப் பின்தொடர்ந்தால், ரீமிக்ஸ் எதை மாற்றுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பது ஓரளவு பிடிபடும். காதல் பாடலின் உயிர் அதன் காத்திருப்பில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சொல் வரப்போகிறது என்று தெரிந்தும் அது வர ஒரு கணம் தாமதமாகும்போது பிறக்கும் ஏக்கம் அது. ரீமிக்ஸ் அந்தக் காத்திருப்பைத் துடைத்துவிடுகிறது என்பது பொதுவான குற்றச்சாட்டு. அளந்து பார்க்கும்போது, நல்ல ரீமிக்ஸில் அது பாடலுக்குள்ளேயே வேறோர் இடத்தில் குடியேறியிருப்பதைக் காணலாம்.

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மூலப் பாடல் நிமிடத்துக்கு 72 தாள அடிகள் என்ற காலப்பிரமாணத்தில் செல்வதாகவும், ரீமிக்ஸ் செய்பவருக்கு வேண்டியது 128 அடிகள் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய நாடா இயந்திரத்தில் செய்வதுபோல் பதிவை அப்படியே விரைவாக ஓடவிட்டால், வேகம் 1.78 மடங்காகும், ஆனால் அதிர்வெண்களும் அதே மடங்கு உயர்வதால் சுருதி ஏறத்தாழ 10 அரைச்சுரங்கள் மேலே ஏறிவிடும். ஒரு ஸ்தாயியில் இருப்பதே 12 அரைச்சுரங்கள்தாம். அதோடு, தொண்டையும் வாய்க்குழியும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வுகளும் மேலே நகர்ந்துவிடும். இவற்றை ஃபார்மன்ட் என்பார்கள். ஒரு குரலுக்கு உரியவர் பெரியவரா, சிறு குழந்தையா என்பதை நம் காது பெருமளவு இவற்றைக் கொண்டே ஊகிப்பதால், பிரிவைப் பாடும் பெண்ணின் குரல் பொம்மையின் குரலாகிவிடும்.

காலத்தையும் சுருதியையும் தனித்தனியே பிரித்துக் கையாளும் வழி இதற்குத் தீர்வாக வந்தது. 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் வெளியிட்ட ‘ஃபேஸ் வோகோடர்’ என்ற முறை அதற்கு அடித்தளமானவற்றுள் ஒன்று. ஒலிப்பதிவைச் சில பத்து மில்லி வினாடி நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று கவிந்த துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலிமையுடன் இருக்கின்றன என்று கணக்கிட்டு, அத்துண்டுகளை முன்னிலும் நெருக்கமாகவோ விலகலாகவோ அடுக்கி, அலைகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு அவற்றின் கட்டங்களை, அதாவது ஏறி இறங்கும் நிலைகளை, சரிசெய்து மீண்டும் ஒலியாக்குவதே இதன் சாரம். இப்படிச் செய்தால் சுருதி இருந்த இடத்திலேயே இருக்க, பாடல் மட்டும் சுருங்கும் அல்லது நீளும். இன்று ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் இதையும் இதன் உறவு முறைகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கின்றன.

ஆயினும் சுருதி தப்பிப் பிழைத்ததால் எல்லாம் பிழைத்துவிடுவதில்லை. வரியின் முடிவில் பாடகி ஒரு சுரத்தில் 4 வினாடிகள் நிற்கிறார் என்றால், 1.78 மடங்கு வேகத்தில் அந்தக் கார்வை 2.25 வினாடியில் முடிந்துவிடும். நீண்ட சுரத்தில் குரல் இயல்பாகவே வினாடிக்கு ஏறத்தாழ 6 முறை மென்மையாக அலையும். வைப்ரேட்டோ எனப்படும் அந்த அலைவு இப்போது வினாடிக்கு 10 முறைக்கும் மேலாகி, உருக்கமாக இருந்தது நடுக்கமாகக் கேட்கும். மூச்சிழுக்கும் ஓசை விம்மலைப்போல் வெட்டுப்படும். குரலின் இயக்கங்கள் யாவும் தசைகளின் இயக்கங்கள் என்பதையும், தசைகளுக்கென்று ஒரு வேகம் உண்டு என்பதையும் கேட்பவரின் காது நன்கு அறியும்.

எனவே தேர்ந்த கலைஞர்கள் 72-ஐ 128-க்கு இழுப்பதில்லை. 128-இன் பாதி 64; குரலை 72-இலிருந்து 64-க்குச் சற்றே தளர்த்தி, அதன் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு டிரம் அடிகளை வைக்கிறார்கள். கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. குரல் முதற்காலத்தில் செல்ல, அதனடியில் தாளக்கருவி இரண்டாம் காலத்தில் வாசிக்கிறது, அவ்வளவுதான். 4 வினாடிக் கார்வை இப்போது 4.5 வினாடியாகிறது, வைப்ரேட்டோ 6-இலிருந்து 5.3-க்கு இறங்கி இன்னும் சற்று நிதானமடைகிறது. அதே வேளையில் காலடியில் வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் ஓர் இடி விழுகிறது. பாடகி மெதுவாகப் பாட, பாடல் பறப்பதாகத் தோன்றும் முரணின் விடை இதுதான். வேகம் என்று நாம் உணர்வது குரலின் வேகத்தை அன்று. குரலைச் சூழ்ந்து நிற்கும் அடிகளின் நெருக்கத்தை.

அந்த நெருக்கம் ஏன் உடலை அசைக்கிறது? நிமிடத்துக்கு 128 என்றால் இரண்டு அடிகளுக்கு இடையே 469 மில்லி வினாடி. மனிதர் இயல்பாக நடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2 அடிகள் எடுத்துவைக்கிறார்கள், அதாவது அடிக்கு 500 மில்லி வினாடி. நடன இசையில் பெரும்பகுதி நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகளுக்குள் அமைந்திருப்பது இந்த நடையோடு ஒத்துப்போகிறது. மூலப் பாடலின் 72-இலோ அடிகளுக்கிடையே 833 மில்லி வினாடி இடைவெளி இருக்கிறது. அவ்வளவு நீண்ட இடைவெளியில் கைதட்டச் சொன்னால், பெரும்பாலோர் மனத்துக்குள் இடையில் ஒரு பொய்யடியை எண்ணிக்கொண்டுதான் தட்டுவார்கள். மூலப் பாடல் அந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டுவைக்கிறது, பாடகியின் சொல் உலாவ அங்கே இடம் கிடைக்கிறது. ரீமிக்ஸ் அந்தப் பொய்யடியை மெய்யடியாக்கி வெளியில் ஒலிக்கவிடுகிறது.

அடியை உணர்வது காதின் வேலை மட்டுமன்று. ஜெசிக்கா கிரானும் மேத்யூ பிரெட்டும் 2007-இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், தெளிவான அடியுள்ள தாளங்களைக் கேட்டவர்கள் அசையாமல் படுத்திருந்தபோதே, உடலியக்கத்தோடு தொடர்புடைய பேசல் கேங்கிலியா உள்ளிட்ட மூளைப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கனடாவில் பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை இன்னும் அழகானது. எங்கும் அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தைக் குழந்தைகள் கேட்டன. சில குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒருமுறையும், சில குழந்தைகளை மூன்று அடிக்கு ஒருமுறையும் தூக்கி ஆட்டினார்கள். பின்னர் அதே தாளத்தை அழுத்தங்களுடன் ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு குழந்தையும் தான் ஆட்டப்பட்ட விதத்துக்குப் பொருந்திய தாளத்தையே விரும்பி நீண்ட நேரம் கேட்டது. பிறர் ஆட்டப்படுவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் உண்டாகவில்லை. தாளத்தைக் காதுக்குக் கற்றுக்கொடுப்பதில் உடலுக்கும் பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்றை நான் அறியேன்.

இனி, அந்தக் காத்திருப்பை அருகில் சென்று பார்ப்போம். மூலப் பாடலின் ஒரு வரியை அலைவடிவமாகத் திரையில் விரித்தால், அடிகள் விழும் இடங்களைக் குறிக்கும் செங்குத்துக் கோடுகளின்மேல் பாடகியின் சொற்கள் சரியாக உட்காருவதில்லை என்பது உடனே தெரியும். முதல் சொல் கோட்டுக்குச் சற்று முன்பே தொடங்குகிறது. பெயரை அழைக்கும் இரண்டாம் சொல், விழ வேண்டிய கோட்டைக் கடந்து, எடுத்துக்காட்டாக 80 மில்லி வினாடி கழித்து வருகிறது. அதற்கு முன்னே ஒரு சிறு மேடுபோலத் தெரிவது அவர் இழுத்த மூச்சு. மூன்றாம் சொல்லில் அவர் விரைந்து, இழந்த நேரத்தை ஈடுகட்டி, வரியின் இறுதியில் மீண்டும் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறார். 80 மில்லி வினாடி என்பது ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைத் தாமதம் என்று காது எண்ணிச் சொல்லாது. ஆனால் ‘தயங்கிச் சொன்னாள்’ என்று மனம் சொல்லிவிடும்.

இசை தரும் இன்பத்தில் எதிர்பார்ப்புக்குத் தனிப் பங்கு இருப்பதை மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோர் குழுவினர் 2011-இல் காட்டினார்கள். தமக்கு மயிர்க்கூச்செறியும் பாடல்களைப் பங்கேற்றவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். அந்தச் சிலிர்ப்பின் உச்சத்தில் மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் பகுதியிலும், உச்சத்துக்கு முந்தைய கணங்களில் காடேட் என்ற வேறொரு பகுதியிலும் டோபமைன் சுரப்போடு தொடர்புடைய செயல்பாடு பதிவானது. வரப்போவதை எதிர்நோக்குவதும் வந்ததைத் துய்ப்பதும் மூளையில் இரண்டு வேறு நிகழ்வுகள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். காதல் பாடல் எழுதுபவர்கள் இதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். எல்லாப் பொருளையும் தாங்கும் சொல்லை வரியின் கடைசியில் வைப்பதும், பல்லவி திரும்புமுன் ஒரு நொடி நிறுத்துவதும் வேறெதற்கு?

ரீமிக்ஸில் குரலை டிரம்மோடு பொருத்த வேண்டும் என்பதால், மென்பொருள் ஒவ்வோர் அசையையும் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து உட்காரவைக்கும் வசதியைத் தருகிறது. அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தியவுடன், மேலே பார்த்த 80 மில்லி வினாடி காணாமல் போய்விடுகிறது. சொல் அதேதான், சுருதியும் அதேதான், தயக்கம் மட்டும் இல்லை. ரீமிக்ஸ்களில் பல உயிரற்று ஒலிப்பதற்கு டிரம்மைக் காரணம் காட்டுகிறார்கள். எனக்கு இந்த இழுப்பே முதற்காரணமாகப் படுகிறது. வரியின் முதல் அசையை மட்டும் கோட்டில் நிறுத்தி, மற்றவற்றைப் பாடகி வைத்த இடத்திலேயே விட்டுவிடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இறுக்கமான டிரம்மும் நெகிழ்வான குரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே செல்வதால், மூலத்தில் மங்கலாகக் கேட்ட தாமதம்கூடத் துலக்கமாகக் கேட்கிறது. கடிகாரம் சரியாக ஓடும் அறையில்தான் தாமதமாக வந்தவர் பளிச்சென்று தெரிவார்.

ஆனால் நடன இசை தனக்கென்று வேறொரு காத்திருப்பையும் கட்டுகிறது. பில்ட்-அப் எனப்படும் பகுதியை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆவர்த்தனம், ஆவர்த்தனத்துக்கு நான்கு அடி, ஆக 32 அடிகள். 128 என்ற வேகத்தில் இது மிகச் சரியாக 15 வினாடி. இப்பகுதி தொடங்கும்போது, அடிதோறும் இடிபோல் விழுந்த கிக் டிரம் நின்றுவிடுகிறது. ஃபில்டர் ஒன்று தாழ்ந்த அதிர்வெண்களைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்க, காலுக்கடியில் தரையை உருவியதுபோல் ஒலி மேலெழுகிறது. ஸ்னேர் டிரம் முதலில் அடிக்கு ஒன்றாகவும், பிறகு இரண்டாகவும், நான்காகவும் நெருங்குகிறது. காற்று இரைவதுபோன்ற ஓசை ஒன்று உயர்ந்துகொண்டே போகிறது. குரலின் கடைசிச் சொல் துண்டிக்கப்பட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. முடிவில் ஓர் அடி நேரம் முழு அமைதி. அதன்பின் கிக் டிரம்மும் பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களும் ஒருசேர இறங்குவதே டிராப். மூலத்தில் ஒரு சொல்லுக்குள் 80 மில்லி வினாடியாக இருந்த ஏக்கம், இங்கே 15 வினாடியாக விரிந்து, சொல்லை விட்டு வெளியேறி, பாடலின் கட்டமைப்பிலேயே அமர்ந்துகொண்டது. முன்னதைக் கேட்பவர் தனித்திருந்து உணரலாம். பின்னது ஒரு கூட்டம் முழுவதும் ஒரே கணத்தில் சேர்ந்து உணர்வதற்காகப் பெரிதாக்கப்பட்டது.

அந்த ஓரடி அமைதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இத்தாலியில் லூச்சானோ பெர்னார்டியும் உடனாய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இசையின் வேகம் கூடக்கூடச் சுவாசமும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. இடையில் இரண்டு நிமிட மௌனத்தை நுழைத்தபோதோ, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இசை தொடங்குமுன் இருந்த நிலைக்கும் கீழே தளர்ந்தன. ஓர் அடி நேர மௌனம் அத்தகைய தளர்வுக்குப் போதாதுதான். ஆயினும் ஒலி நின்றதும் உடல் அதைக் கவனிக்கத் தவறுவதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

டிராப்பில் இறங்குவது என்ன என்பதையும் அருகில் பார்க்க வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தையும், 1983-இல் டிஆர்-909-ஐயும் வெளியிட்டது. இன்றைய நடன இசையின் கிக் டிரம் பெரும்பாலும் இவற்றின் வழிவந்த ஒலி. அந்த ஒற்றை அடியை நூறு மடங்கு நீட்டிப் பார்த்தால், அது ஓர் அடிபோலவே இருக்காது. தொடக்கத்தில் மிகக் குறுகிய ஒரு ‘டிக்’. அடுத்து, உயர்ந்த அதிர்வெண்ணில் புறப்பட்டுச் சில பத்து மில்லி வினாடிக்குள் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வுகள்) அளவுக்குச் சரிந்து அடங்கும் வழவழப்பான ஓர் அலை. ‘டிக்’ எப்போது அடி விழுந்தது என்பதைக் காதுக்குச் சொல்கிறது. சரியும் அலை அதன் கனத்தை உடலுக்குச் சொல்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அது நம்மைச் சுற்றி வளைந்து, நெஞ்சையும் தரையையும் சேர்த்தே அதிரவைக்கிறது.

இந்தத் தாழ்ந்த ஒலியின் வலிமையை அளக்க, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேனியல் கேமரனும் குழுவினரும் உண்மையான மின்னணு இசைக் கச்சேரி ஒன்றையே சோதனைக்களமாக்கினார்கள். 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும், ஆடுபவர்களின் தலையசைவைக் கருவிகளால் பதிவு செய்தார்கள். ஒலிபெருக்கிகள் இயங்கிய நேரங்களில் அசைவு சராசரியாக 11.8 விழுக்காடு கூடியது. அவை எப்போது இயங்கின என்பதை மக்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2022-இல் வெளியான இந்த முடிவுக்கு, தோலின் தொடு உணர்வும் உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காதல் பாடலின் மூலப்பதிவில் இந்தப் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்திகூட 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது.

கிக் டிரம்முக்கு இடம் வேண்டுமானால் மற்றவை ஒதுங்க வேண்டும். குரலில் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழிருப்பதை ஃபில்டரால் நீக்கிவிடுகிறார்கள். பேஸுக்கும் மின்னணு இசைக்கருவியான சிந்தசைசருக்கும் ‘சைடுசெயின்’ முறை பயன்படுகிறது: கிக் விழும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸர் என்ற ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவி அவற்றின் ஒலியளவைத் தாழ்த்தி, அடுத்த அடிக்குள் பழைய அளவுக்கு உயர விடுகிறது. இதனால் 469 மில்லி வினாடிக்கு ஒருமுறை இசை முழுவதும் அமுங்கி எழும். மார்பு ஏறி இறங்குவதைப் போன்ற இந்த அசைவு, பாடகியின் மூச்சு இருந்த இடத்தில் இயந்திரத்தின் மூச்சை வைக்கிறது. கிக்குகளுக்குச் சரி நடுவில் விழும் ஹை-ஹாட் என்ற தாளத்தட்டோசை அந்த எழுச்சியின் உச்சியில் மின்னுகிறது. ஆனாலும் எல்லாம் அடியிலேயே விழுந்தால் இசை சலித்துவிடும். மரியா விட்டெக்கும் உடனாய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அடி தப்பி விழும் ஒலிகள் மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருந்த தாளங்களே ஆடும் விருப்பத்தை மிகுதியாகத் தூண்டின. குரலின் நெகிழ்வைக் காப்பாற்றிய ரீமிக்ஸ் இந்த நடுத்தரத்தைச் செலவின்றிப் பெற்றுக்கொள்கிறது. பாடகியின் தாமதமே அடி தப்பும் ஒலியாகிவிடுகிறது.

நீண்ட ரீமிக்ஸ் என்ற வடிவமே ஓர் இயற்பியல் கட்டாயத்தின் பிள்ளை. 1960-களின் இறுதியில் ஜமைக்காவில் ஒலிப்பொறியாளர் கிங் டப்பி முதலானோர் பாடல்களிலிருந்து குரலைக் களைந்து பேஸையும் டிரம்மையும் முன்னிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். நியூயார்க்கில் 1970-களின் நடுவில் டாம் மோல்டன் பாடல்களை நடனத்துக்காக நீட்டித் தொகுத்தார். அக்காலத்து 7 அங்குல இசைத்தட்டில் ஊசி செல்லும் பள்ளங்கள் நெருக்கமாக இருந்தன. தாழ்ந்த ஒலி வலுவாக இருந்தால் பள்ளம் அகலமாக ஆடும்; அகலமாக ஆடினால் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். எனவே பேஸைக் குறைக்க வேண்டும், இல்லையேல் பாடலைச் சுருக்க வேண்டும். பெரிய தட்டில் ஒரே பாடலைப் பதித்தபோது பள்ளங்களுக்கு இடைவெளி கிடைத்து, நீளமும் கனமும் ஒருசேரச் சாத்தியமாயின. 1976-இல் 12 அங்குல ஒற்றைப்பாடல் தட்டு கடைகளுக்கு வந்தது.

பழைய பாடலின் குரல் தனியே கிடைக்காதபோது என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்த தடங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தால் சிரமமில்லை. இல்லையென்றால், இன்று நரம்பணு வலைப்பின்னல் மென்பொருள்கள் உதவுகின்றன. பிரான்சின் இணைய இசைச் சேவையான டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்பிளீட்டர் என்ற கருவியை அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது. நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வரைந்த படத்தில் பாடலைப் பார்த்தால், குரல் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தோடும் கோடுகளாகத் தெரியும். டிரம் அடிகள் மேலிருந்து கீழாக நிற்கும் கம்பிகளாகத் தெரியும். ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து இந்த வடிவங்களைக் கற்றுக்கொண்ட மென்பொருள், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் யாருக்குச் சொந்தம் என்று பிரித்துத் தருகிறது. தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஓசைகளும் மூச்சும் தெளிவான சுருதியின்றிப் பரந்து கிடப்பதால், அவை தாளத்தட்டின் ஓசையை ஒத்திருக்கின்றன. மென்பொருள் சில வேளை அவற்றைக் குரலிலிருந்து பிடுங்கி டிரம்மிடம் கொடுத்துவிடும். காதல் பாடலில் முதலில் காப்பாற்ற வேண்டியதே அந்த மூச்சுதான் என்பதால், பொறுமையுள்ளவர்கள் அவற்றைக் கையால் மீட்டுச் சேர்க்கிறார்கள்.

குரலைத் தொடாமலே அதன் உணர்ச்சியை மாற்றும் வழியும் உண்டு, அது குரலுக்கு அடியில் வைக்கும் சுரம். பல்லவியின் கடைசிச் சொல் அந்தர காந்தாரத்தில் நிற்பதாகக் கொள்வோம். மூலத்தில் அதனடியில் அடிப்படைச் சுரமான ஷட்ஜம் ஒலித்தால், இரண்டுக்கும் இடையே 5:4 என்ற அதிர்வெண் விகிதம். சொல் நிறைவாக, இனிப்பாகக் கேட்கும். ரீமிக்ஸில் பேஸைக் கீழே உள்ள சதுஸ்ருதி தைவதத்துக்கு இறக்கினால், அதே காந்தாரம் அதற்கு 3:2 என்ற விகிதத்தில் பஞ்சமமாகிவிடும். நடுவில் ஷட்ஜத்தையும் சேர்த்தால், சோகச் சாயலுள்ள மைனர் கார்டு என்ற சுரக்கூட்டு அமையும். பாடகி எதையும் மாற்றவில்லை. ‘நீ வருவாய்’ என்று நம்பிக்கையோடு பாடிய குரல் இப்போது நம்பிக்கை தளர்ந்து பாடுவதாகக் கேட்கிறது. ஆடவைக்கும் பாடல் மூலத்தைவிடச் சோகமாக ஒலிக்கும் விந்தை பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

திரும்பச் சொல்லுதலும் பொருளைப் பெயர்க்கிறது. இசை உளவியலாளர் டயானா டாய்ட்ச் 1995-இல் தம் சொந்தப் பேச்சுப் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறு சொற்றொடர் தொடர்ந்து சுழன்று ஒலித்து, சிறிது நேரத்தில் பாட்டாகக் கேட்கத் தொடங்கியதைக் கவனித்தார். ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும்போது மனம் பொருளை விட்டுவிட்டு ஓசையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. ரீமிக்ஸில் ‘வா’ என்ற ஒற்றைச் சொல் 32 முறை வரும்போது நடப்பதும் இதற்கு நெருங்கியதே: நான்கைந்து முறை வரை அது அழைப்பு, அதன்பின் அது ஒரு கருவி.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாலோர் இந்த ஒப்பீட்டைக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் செய்துவிட்டு, ரீமிக்ஸ் வெறுமையாக இருக்கிறது என்கிறார்கள். அந்தச் சிறிய தகடு 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. பேஸ் சுரங்களோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த துணை அதிர்வெண்களைக் கொண்டு அடிப்படைச் சுரம் எது என்று மூளை ஊகித்துக்கொள்ளும். ஆனால் ஊகிக்கப்பட்ட ஒலி நெஞ்சை அதிரவைக்காது. நல்ல ஹெட்போனிலும்கூட ஒலியளவைக் குறைத்தால் சிக்கல் வரும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியதுபோல், நம் காது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மந்தமானது. நடுத்தர அதிர்வெண்ணில் 0 டெசிபலை ஒட்டியே கேட்கத் தொடங்கும் காதுக்கு, 50 ஹெர்ட்ஸ் கேட்க 40 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஒலியளவைக் குறைக்கக் குறைக்க முதலில் பேஸ் மறைகிறது, பிறகு கிக்கின் கனம் மறைகிறது. நடுத்தர அதிர்வெண்களில் வாழும் மூலப் பாடல் கிசுகிசுப்பளவிலும் முழுமையாக நிற்கும். ரீமிக்ஸில் அப்போது மிஞ்சுவது, மெதுவாகப் பாடும் பாடகியின் குரலும், அதன் பின்னே 469 மில்லி வினாடிக்கு ஒருமுறை விழும் மெல்லிய ‘டிக்’ ஓசையும்.